பெயர்: கட்டாயம்

டாக்சிக்காரர் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து
"டைல்ஸா?" என்றார்.
எலும்பு என்றால் இறக்கிவிடுவார்.
ஆமாம் என்றேன்.

முழுப் பொய்யுமில்லை.
மஜ்ஜைக்கு இடம் வைக்காமல் இறுகிய விலா;
மேலே மிதந்துவிடாதிருக்க
உடம்புக்குள்ளேயே சுமந்த எடைக்கல்.
பெட்டி மூடியில் மங்கிய மை: காட்டுப் பன்றி.
தியோங் பாருவில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது வந்தது.
தோண்டியவர் ஈயச் சுரங்கப் பொறியாளர்,
எங்கே தோண்டினார் என்பதை மட்டும்
எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பன்றி இல்லை. அது முதல் வாரமே தெரிந்தது.
இடுப்பில் தொடை எலும்புக்கு ஒரு குழி,
என் கட்டைவிரல் நுனி உட்காரும் அளவு.
நடந்ததா,
நடப்பதை மறந்துகொண்டிருந்ததா?

இரவு இரண்டு மணி. நொவீனா.
தரைக்கு இரண்டு மாடி கீழே
நோயாளிகள் வராத நேரத்தில் எங்களுக்கு ஸ்கேன் இலவசம்.
சியூ ஹ்வீ தாடையை மெத்தைமேல் கிடத்தி
பழக்க தோஷத்தில் போர்வையை இழுத்துவிட்டாள்.

திரை நகர மறுத்தது.
பெயர்: கட்டாயம். பிறந்த தேதி: கட்டாயம்.
பெயருக்கு "தெரியாது" என்று தட்டினாள்.
ஆண்டு 1900க்குக் கீழே இறங்கவில்லை.
நாலு கோடி வருடத்தை
அந்த ஆண்டின் சனவரி ஒன்றாம் தேதியில் இறக்கிவைத்தோம்.
இனம்?
ஏழு மாதமாக நான் பேரினம், சிற்றினம் என்று
பிய்த்துப் பிய்த்து அடுக்கிய அதே சொல்.
அவளுக்கு நாலே கட்டம்.
"மற்றவர்," என்றாள் கொட்டாவியோடு.

முன்கடைவாய்ப் பற்கள் ஐந்து.
என் கட்டுரை முழுக்க
அந்த ஐந்தாவது பல்லில்தான் நின்றுகொண்டிருந்தது.
வேறு எதற்கும் அங்கே இப்படி இல்லை, ஆகவே புதிது.
பெயரும் வைத்திருந்தேன்.
இப்போது சொல்லமாட்டேன்.

ரொட்டி அறுபடுவதுபோல் தாடை
சீவல் சீவலாகத் திரையில் இறங்கியது.
நூற்றுப் பன்னிரண்டாம் சீவலில்
ஐந்தாவதன் அடியில் இன்னொன்று.
வேர் விடாதது. வெண்மையாக,
மேலே இருப்பது விழட்டும் என்று
காத்திருந்த மாதிரி.
"என் பையனுக்கும் இப்படித்தான்," என்றாள் சியூ ஹ்வீ,
"போன வாரம் ஒன்று விழுந்தது."

பால் பல்.

கன்று.
பசுவென்று பெயர், யானைக்கு உறவு;
இரண்டுக்கும் கன்றுதான்,
தமிழ் இந்த ஒன்றில் தகராறு செய்வதில்லை.

பால் பல்லின்மேல் ஓர் இனத்தை நிறுத்த முடியாது.
மறுநாள் பென்சிலில் எழுதினேன்:
கடற்பசு வரிசை. குடும்பம் ஐயம். இளையது.
"காட்டுப் பன்றி" சீட்டையும் உள்ளே போட்டேன்,
அதுவும் அதன் வரலாறு.
இழுப்பறை பாதியில் சிக்கிக்கொண்டது,
முழங்காலால் தள்ள வேண்டியிருந்தது.

மூன்று வாரம் கழித்து
எம்ஆர்டியில் நின்றபடி கைப்பேசியைப் பார்க்கிறேன்.
தொடர்பு எண்ணும் கட்டாயம் என்று
அன்று என்னுடையதைக் கொடுத்திருந்தேன்.

அன்புள்ள தெரியாது,
உங்கள் மறுபரிசோதனை செவ்வாய் காலை எட்டரை.
ஆறு மணி நேரம் முன்பிருந்தே
எதுவும் உண்ண வேண்டாம்.