ஏழாவது முட்டை

ராட்டர்டாம் துறைமுகத்தில்
பகல் முழுக்க நாற்பது டன் பெட்டிகளை
விரலசைவில் இறக்கிவைக்கிற கெர்பென்
ராத்திரி சமையல் மேசையில்
ஒரு முட்டையோடு மல்லுக்கட்டுகிறான்.

மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகள், சாம்பல் அச்சுகள்,
எப்போதும் ஒன்று குறைகிற
எட்டுப் பல் சக்கரம்.
மோட்டார் முனகும். நூல் விறைக்கும்.
கிரேனின் கழுத்து கொஞ்சம் குனியும்.
டிக் டிக்கென்று பல் நழுவும்.
இதுவரை ஆறு ஆம்லெட்.

"அவசரப்படுத்தாதே, மெதுவாகத் தூக்கட்டும்" என்றேன்.
நான் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள்,
பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம்.

பதில் சொல்லாமல் எல்லாவற்றையும் பிரித்தான்.
எட்டுக்கு நாற்பது.
அதற்கும் பின்னால்
திருகாணி போல ஒரு புழுச்சக்கரம்.

ஏழாவது முட்டை எழும்பியது,
நான் டீ போட்டு முடிப்பதற்குள்
ஒரு சாண்.

அப்போது பார்த்து பேட்டரி தீர்ந்தது.
இருவரும் கையை ஏந்தினோம்.
விழவில்லை.
புழு சுழன்றால் சக்கரம் சுழலும்;
சக்கரம் எவ்வளவு இழுத்தாலும்
புழு அசையாதாம்.

அப்படியே விட்டுவிட்டுப் படுத்தோம்.
காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தது,
ஜன்னல் பக்கம் மட்டும் வெளுத்து.
வேலைக்குக் கிளம்பிய கெர்பென்
ஒற்றை பூட்ஸோடு திரும்பி வந்து
அதன் கீழே
என் தலையணையை நகர்த்திவைத்தான்.