பதினொரு விநாடி

இரவு பத்தரைக்கு மேல்தான் எங்கள் சமையலறை
கடையாகிறது.
ட்ராலி பஸ் நின்றிருக்கும். மேல்வீட்டு நாய் அடங்கியிருக்கும்.
கணக்குப் பாடத்தின் மேலேயே காலோயன்
கண்ணயர்ந்திருப்பான்.
குளிர்பெட்டியின் முனகல் ஒலிப்பதிவில் விழுகிறதென்று
பிளக்கைப் பிடுங்குவேன்.
மறுபடி செருக மறந்து
இரண்டு முறை பால் கெட்டது, ஒரு முறை மீன்.
அன்றிலிருந்து வீட்டுச் சாவியை
முட்டைத் தட்டில் வைக்கிறேன்.
எல்லாம் முடிந்து குப்பை கொட்டக் கீழே போக
அதைத் திறந்தாக வேண்டும்,
இருட்டாயிருந்தால் ஞாபகம் வரும்.

நான் பேருந்து ஓட்டியவன்.
ரூஸே - வர்னா, பதினாறு வருஷம்.
முதுகு ஒருநாள் முடியாது என்றது,
கம்பெனியும் அதையே எழுத்தில் தந்தது.
இப்போது என் வண்டி ஒரு முக்காலி.

தெமெனுகாவின் முகம் யாருக்கும் தெரியாது.
கழுத்துக்குக் கீழே, மேசைக்கு மேலே
இரண்டு கைகள், ஒரு குரல்.
நாற்பத்தோராயிரம் பேர் அந்தக் கைகளை அறிவார்கள்.
கம்பளத்தில் கொட்டிய பருப்பை
எத்தனை இழுப்பில் உறிஞ்சியது அந்த எந்திரம்,
எத்தனை பருப்பை விட்டுவைத்தது,
எண்ணிச் சொல்வாள்.
தேன் தடவிப் பேச வராது அவளுக்கு.
கைப்பிடி வழுக்குகிறது என்றால் வழுக்குகிறது.

நவம்பரில் ஒருத்தி கேட்டாள்:
மோதிரம் எங்கே?
மாவு ஒட்டுகிறது, கழற்றி வைத்தேன்
என்று பதில் எழுதினாள்.
மாவு இல்லை, விளக்கு.
அவள் விரல்களை இவ்வளவு வெளிச்சமாய்க் காட்டும்
அந்த வட்ட விளக்கு
எதைக் கொடுத்து வந்ததென்று
தெருமுனை அடகுக்கடைக்காரனுக்குத் தெரியும்.

ஜனவரி முதல் வாரம் ஹீட்டர் வந்தது.
வெள்ளை. மெல்லிசு.
பெட்டியின் மேல் சட்டையில்லாமல் சிரிக்கும் ஒரு குழந்தை.
இருபதாவது நிமிஷம் அணைந்தது.
மறுபடி போட்டோம். மறுபடியும் இருபது.
"தானே அணைந்துவிடுகிறது,
ஆறின பிறகுதான் திரும்ப எழும்" என்றாள்.
அதைச் சொல்லப் பதினொரு விநாடி.

கம்பெனியின் கடிதம் மிக மரியாதையாக இருந்தது.
வீடியோ பிரமாதம். அந்தப் பதினொரு விநாடி மட்டும்.
கீழே ஒரு தொகை.
டிசம்பர் மாத வெப்பக் கட்டணச் சீட்டை எடுத்து
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
அண்ணன் தம்பி மாதிரி இருந்தன இரண்டும்.
சூடு தராத ஒன்றின் காசில்
வீடு சூடாகும்.

"வெட்டு" என்றாள்.
வெட்டினேன்.
ஓடி வருகிறவன் எட்டுவதற்குள்
கதவை மூடிவிட்டு வண்டியை எடுத்த நாட்கள் உண்டு எனக்கு.
அப்படித்தான் இருந்தது.

பிறகு அவளே,
"இன்னொரு தடவை எடுக்கலாம். பேச்சு வேண்டாம்."

மூலையில் கடிகாரம்.
ஹீட்டர் முன்னே இரண்டு கைகள், அசையாமல்.
பத்து நிமிஷம். பதினைந்து.
அதுவரை வேகமாக ஓட்டிவிட்டேன்.
இருபத்தொன்றில் கைகள் காட்சியை விட்டு நகர்ந்தன.
திரும்பி வந்தபோது
கம்பளிக் கையுறை போட்டிருந்தன.

அவ்வளவுதான். பொய்யென்று ஒரு சொல்லும் இல்லை,
சொல்லே இல்லை.
கம்பெனி நன்றி சொல்லிப் பணம் அனுப்பியது.
அவர்கள் காதால் மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

முதல் மணி நேரத்திலேயே
பிளெவெனிலிருந்து ஒருவர்: "கையுறை. புரிந்தது."
அவருக்குக் கீழே வரிசையாக
வெறும் கையுறைப் படங்கள், எண்ணி மாளவில்லை.
மோதிரத்தைக் கேட்டவளும் வந்தாள்.
ஹீட்டரைப் பற்றி அவள் ஒன்றும் எழுதவில்லை.
"அடுத்த முறை கழற்றிவிடு.
அந்த விரல் எங்களுக்குப் பழகிவிட்டது."

தெமெனுகா இரண்டு தரம் படித்தாள்,
பதில் எழுதவில்லை.
அடுத்த பெட்டியைப் பிரித்தாள்.
பூண்டு நசுக்கி. கைப்பிடி சிவப்பு.
"ம், எடு" என்றாள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு
சாவியைச் சட்டைப்பையில் தேடினேன்.
அது நேற்றிலிருந்தே முட்டைகளுக்கு நடுவில்
சில்லென்று கிடந்தது.