பதினெட்டு

காற்று எவ்வளவு என்று கேட்டேன்.
"பதினெட்டு" என்றார் யெபிம்.
எண் மட்டும் வந்தது,
மேல்சட்டை இல்லாமல் பனியில் இறங்கி நிற்கிற ஆள் மாதிரி.

வார்டோ. பிப்ரவரி. இரவு இரண்டே கால்.
என் ரேடியோ மேசையில் ஆறிப்போன காபி.
தளத்திலிருந்து வடகிழக்கே அறுபத்தெட்டு கடல் மைலில்
ஒரு ரஷ்ய மீன்பிடிப் படகு.
அதில், வின்ச் கம்பியில் கை சிக்கிய ரோதியோன்,
வயது இருபத்திரண்டு.

ஓடுதளத்தில் ஹோகுன்
அந்தப் பதினெட்டை நாட் என்று எழுதிக்கொண்டார்.
ஹெலிகாப்டர்காரர்களுக்கு வேறு காற்று கிடையாது.
எதிர்க்காற்று, நூற்றிருபதில் பதினெட்டு போனால் நூற்றிரண்டு.
"நாற்பது நிமிடத்தில் அவர்கள் தலைக்கு மேலே இருப்பேன்."

எனக்கு என்னவோ இடித்தது.
யெபிமின் குரலுக்குப் பின்னால்
கொக்கியில் தொங்கும் ஏதோ தகரக் குவளை
சுவரில் மோதிக்கொண்டே இருந்தது.
பதினெட்டு நாட்டுக்கு ஒரு குவளை இப்படிப் பதறாது.

"என்ன பதினெட்டு?"
"பதினெட்டுதான்."
"பதினெட்டு என்ன, யெபிம்?"
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு, இதுகூடத் தெரியாதா என்கிற தொனியில்:
"மீட்டர். வினாடிக்கு."

இரண்டால் பெருக்கு, ஒரு துளி குறை.
முப்பத்தாறு. முப்பத்தைந்து.
பென்சில் முனை ஒடிந்தது.
மேசைப் பலகையில் நகத்தால் கீறி
மறுபடி போட்டேன். முப்பத்தைந்துதான்.

முன்பெல்லாம் கயிற்றில் முடிச்சுகள் போட்டுக்
கப்பலின் பின்னால் எறிவார்களாம்.
மணற்கடிகை தீரும்வரை
கைவழியே உருவிப் போன முடிச்சுகளை எண்ணினால் வேகம்.
ஈரக் கயிறு, குளிரில் வெடித்த உள்ளங்கை:
அந்தக் காலத்து மானி அவ்வளவுதான்.
கயிறு எப்போதோ போய்விட்டது.
முடிச்சு மட்டும் இருக்கிறது,
அவிழ்க்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

(என் கணவர் அர்ன்ட் கரையோரம் காட் மீன் பிடிப்பவர்.
அவரிடம் இரண்டே அலகு:
போகலாம். போகக்கூடாது.)

"முப்பத்தைந்து நாட்" என்றேன் ஹோகுனிடம்.
அவர் கணக்குப் போடும் சத்தம் கேட்காது,
மூச்சு கேட்கும்.
எண்பத்தைந்து. நாற்பத்தெட்டு நிமிடம்.
"டாங்க்கை இன்னும் கொஞ்சம் நிரப்பிவிட்டுக் கிளம்புகிறேன்."

எட்டு நிமிடம் கூடுதல் என்று யெபிமுக்குச் சொல்ல வேண்டும்.
அதை மாற்ற என்னிடம் அட்டவணை இல்லை.
அங்கேயும் எட்டு, வானத்திலும் எட்டு,
கட்டுக்குள் ஊறும் ரத்தத்துக்கும் அதே எட்டு.
சொன்னேன்.
"பையனிடம் நான் பத்து என்று சொல்கிறேன்" என்றார்,
"ஒன்பதில் வந்தால் சந்தோஷப்படுவான்."

மூன்றரை மணிக்கு:
படகு காற்றை முகத்தில் வாங்கி ஏழு நாட்டில் ஊர்கிறது.
மேலே ஹோகுனின் முள் நாற்பத்திரண்டில் துடிக்கிறது.
இத்தனை வேகத்திலும்
தளம் தன் காலடியிலேயே நிற்கிறது என்கிறார்,
ஏறி இறங்குகிறது, ஆனால் விலகவில்லை.
வடம் இறங்குகிறது.
"நமக்குள் பூஜ்யம்" என்று ஒரு குரல்.
யாருடைய குரல் என்று தெரியவில்லை.
பூஜ்யம் என்ன என்று கேட்க
எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மிஞ்சியது என்று விடியும்போது
மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள்.
விரலைத்தான் சொன்னார்கள்.
எந்த மூன்று என்று கேட்பதற்குள்
வைத்துவிட்டார்கள்.

வீடு திரும்பும்போது கார் முள் ஐம்பதில்,
மணிக்குக் கிலோமீட்டர்,
காற்று பக்கவாட்டில் தோள் கொடுத்துத் தள்ளியது.
வாசலில் அர்ன்ட் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார்.
ஒரு பூட்ஸைக் கழற்றினார்.