கோட்டுக்காரன் தொப்பியைக் கழற்றும் இடம்

புதன்கிழமை இரவு எட்டரைக்கு
சூசைநாதனின் முன்னறையில் அவன் வருவான்.
ஏழு கோப்பைத் தேத்தண்ணி, பத்தொன்பது பேர்,
கார் பற்றரி ஒன்று, கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று.
அவனுக்கு அங்கே ஏதோ பெயர் இருந்தது.
குருநகரில் அவன் கோட்டுக்காரன்.

கொன்வென்ரில் படித்த குற்றத்துக்காக
என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தினார்கள்.
அவன் ஒரு வரி பேசுவான், நான் ஒரு வரி.
அவன் வேகமாகப் பேசினால் நான் சுருக்குவேன்.
விளங்காவிட்டால் "சந்தேகப்படுறான்" என்பேன்.
அந்த ஒரு சொல்லாலேயே
மூன்று கொலைகளைக் கடந்து வந்திருந்தேன்.

அன்றைக்குக் கதை, காணாமற்போன ஒரு பொடியன்.

கோட்டுக்காரன் படியேறி, மணியை அடித்து,
சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு
கதவு திறக்கும்வரை நின்றான்.
"பொலிஸ் காத்துக்கொண்டு நிக்கிறானாம்!"
அறை சிரித்து அடங்க நேரமெடுத்தது.
சுவரில் சாய்ந்திருந்த யோக்கிம்
சிரித்துச் சிரித்து இருமினான்.

றெஜினாக்கா சிரிக்கவில்லை.
நாலு மாதமாய் அவர் கோயிலுக்கும் போவதில்லை,
புதன்கிழமை மட்டும் இங்கே,
வாசல் நிலையோடு ஒட்டி,
செருப்பைக் கையெட்டும் தூரத்தில் வைத்தபடி.
மக்சிமஸ் ஏறிய பஸ் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.
திரும்பியும் வந்தது. அதே சாரதி, அதே ஹோர்ண்.

கோட்டுக்காரன் கொப்பியை விரித்தான்.
"எத்தனை வயசு?" என்றேன்.
"பத்தொன்பது."
பெட்டிக்குள் இருந்த தாய்க்கு முன்னமே
வாசல் பக்கமிருந்து வந்தது.
"என்ன சேர்ட்?"
"கோடு போட்டது. மேல் பொத்தான் இல்லை,
வந்து தைப்பம் எண்டவன்."

அந்தத் தாய் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னது வேறு:
பதினொரு வயது, வெள்ளைப் பனியன்.
நான் அறைக்குச் சொன்னேன்:
பத்தொன்பது. கோடு போட்டது.
திரையில் பல் விழுந்த சின்னப் பையனின் படத்தை நீட்டினாள்.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
கோட்டுக்காரன் எல்லாவற்றையும் எழுதினான்.
நாலு மாதத்தில் முதன்முதலாக
ஒருவன் எழுதினான்.

விளம்பரத்துக்குள் அன்ரெனாவைத் திருப்பினார்கள்,
மண்டைதீவுப் பக்கம், பிறகு கொஞ்சம் கோட்டைப் பக்கம்.
நாய்கள் ஓடின. ஓர் ஆறு.
பாலத்தடியில் ரோர்ச் வெளிச்சங்கள்.
பற்றரி இறங்கத் தொடங்கியிருந்தது.
நாலு பக்கமும் கறுப்பு ஏற
படம் உள்ளே உள்ளே சுருங்கி
ஒரு பிஸ்கற் ரின் மூடியளவுக்கு வந்தபோது
கோட்டுக்காரன் மறுபடி அந்தப் படியேறினான்.
இம்முறை கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.
தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்து
ஏழெட்டுச் சொல் சொன்னான், ஆறுதலாக.
ஒவ்வொன்றும் எனக்கு விளங்கியது.

"என்னவாம்?" என்றான் சூசைநாதன்.

"ஆளைக் கண்டுபிடிச்சாச்சாம்.
வேற ஊரில, ஒரு கடையில நிக்கிறானாம்.
காய்ச்சலாம். நாளைக்குக் கூட்டிவருவினமாம்."

"அப்ப ஏன் அவள் விழுந்து அழுறாள்?"

"சந்தோசத்தில."

படம் ஒரு புள்ளியாகி நின்றது. போனது.
லாம்பைத் தேடப்போய் ஆரோ கோப்பையை உதைத்தார்கள்.
இருட்டுக்குள் செருப்பு போடும் சத்தம்.
"உனக்கு இங்கிலீசு இன்னும் வடிவா வரேல்லைப் பிள்ளை,"
என்றார் றெஜினாக்கா.
கோபமில்லை. மீன் நிறுக்கும்போது
தராசைச் சரியாய்ப் பிடிக்காத பெட்டையிடம்
சொல்வதுபோலச் சொன்னார்.

அடுத்த புதன் எட்டுமணிக்கே வந்திருந்தார்,
நிலையோடு அல்ல, எனக்குப் பக்கத்தில்.
மடியில் நாற்பது பக்கக் கொப்பி, புதுசு.
"அவன் கேக்கிற கேள்வியள மட்டும் எழுதித் தா.
ஒண்டும் விடாமல். அதே ஒழுங்கில."

அன்றைக்குக் கதை வங்கிக் கொள்ளை.
காரின் நிறம் என்ன, என்று கேட்டான் கோட்டுக்காரன்.
எத்தனை பேர் இறங்கினார்கள்,
யார் முதலில் பேசியது,
எந்தப் பக்கம் திரும்பிப் போனார்கள்.
பற்றரி அன்றைக்கு நல்ல சார்ஜ்.
எழுதினேன்.