செவ்வாய் எட்டரை

திகதியை நான்தான் கேட்டு வாங்கினேன்.
டொக்டர் டயறியைப் புரட்டி
செவ்வாய் எட்டரை என்றார்,
பல் பிடுங்க இடம் கொடுப்பது போல.

மாமி ஸ்காபரோவிலிருந்து கோல் எடுத்தா.
ஒன்பதுக்கு எமகண்டம் பிள்ளை,
அதுக்கு முன்னம் எடுக்கச் சொல்லு.
சொல்லுறன் மாமி என்றேன்.
சொல்லவில்லை.

ஏன் வெட்டக் குடுக்கிறாய் என்று கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தேன்.
வயது முப்பத்தெட்டு. நாரி சரியில்லை.
பிள்ளை குறுக்கே கிடக்குது (இது பொய்).
துவாரகன் மட்டும் கேட்கவில்லை.
போன முறை இருபத்தேழு மணித்தியாலமும்
கதவுக்கு வெளியே நின்றவன் அவன்.

மூத்தவளின் அட்டையில்
சுகப்பிரசவம் என்று எழுதியிருக்கிறது,
நீல மை, நல்ல வடிவான கையெழுத்து.
அதன் பிறகு நாலு மாதம்
காற்றடித்த வளையமொன்றில் குந்தியிருந்து
சோறு தின்றேன்.
தும்மினால் உடுப்பு மாற்றினேன்.
வெள்ளவத்தைச் சந்தையில் கீரை வாங்கும்போது
திடீரென்று அந்த அறையின் லைற்
கண்ணுக்குள் எரியும்.
கீரைக்காரி மிச்சக் காசை நீட்டியபடி நிற்பாள்.
அந்தச் சொல்லை எழுதியவர்
யாருடைய சுகத்தை விசாரித்தாரோ.

ஆகவே இம்முறை படிவத்தில்
என் பெயரை முழுதாய் எழுதினேன்,
இனிஷலோடு.

தியேட்டருக்குள் குளிர்.
இறால் மாதிரி முதுகை வளைக்கவேண்டும்.
நேர்ஸ் இரேஷா என் தலையைத்
தன் தோளில் சாய்த்துப் பிடித்து
பய வெண்ட எப்பா என்றாள்.
பயம் அவளுடைய பாஷையிலும் பயம்தான்.
அதை அவளுக்குச் சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் கால்கள் போய்விட்டன.

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம்
என்னுடைய லாச்சியைத் திறந்து
யாரோ சாமான் தேடினார்கள்.
வலியில்லை. இழுவை மட்டும்.
பொரளைச் சந்தி நெரிசலைப் பற்றி
டொக்டர் கதைத்துக்கொண்டே இருந்தார்.
பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.
பிறகு அவன் கத்தினான்.
ஒன்பது பன்னிரண்டு.
நல்ல எமகண்டம்.

பின்னேரம் மரப்பு விட்டது.
அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

அடுத்த நாள் நடக்கச் சொன்னார்கள்.
கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பதினொரு அடி.
ஏழாவதில் வயிறு கழன்று
நிலத்தில் விழப்போகிறதென்று
இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன்.
காற்றுப் பறிஞ்சதா?
காலையும் மாலையும் விசாரணை.
முழு வார்டுமே காத்திருந்தது.
மூன்றாம் நாள் விடியப்புறம் பறிந்தது.
பக்கத்துக் கட்டில் ஃபர்ஹானா கைதட்டினாள்.
சிரிக்கவைக்காதேயும், தையல், தையல்
என்று கெஞ்சினேன்.

காலி வீதியில் எத்தனை பள்ளமென்று
ஓட்டோவில் வீடு வந்தபோதுதான் தெரிந்தது.
மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது.
துவாரகன் பிள்ளையோடு முன்னால் போய்
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று
திரும்பிப் பார்த்தான்.

தலையணையை அழுத்திக்கொண்டுதான் இருமல்.
கரையோரம் ரயில் போனால் கட்டில் நடுங்கும்.
ஆறு நாற்பது வரமுன்னமே
தையலில் கைவைத்து ஆயத்தமாகிவிடுவேன்.

பதினாறாம் நாள் கண்ணாடியில் பார்த்தேன்.
ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.
மேலே உள்ள தோல் என்னுடையதில்லை.
தொட்டது விரலுக்குத் தெரிகிறது,
வயிற்றுக்குத் தெரியவில்லை.
உணர்ச்சி வர ஒரு வருடம் ஆகலாம்,
வராமலும் விடலாம் என்றார் டொக்டர்.
இதையும் சுகமென்று நான் சொல்லமாட்டேன்.
ஆனால் கீரைக் கடையில்
இப்போது கீரை மட்டும்தான் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் வந்தவர்கள்
சுகப்பிரசவமோ, சீசரோ என்று கேட்டார்கள்.
இரண்டாவது சொல்லுக்கு மட்டும்
குரல் தாழ்ந்தது.
மூத்தவள் முந்திக்கொண்டாள்:
அம்மா திகதி போட்டுப் பெத்தவ.

எல்லாரும் என்னைப் பார்க்க
தேத்தண்ணி போட எழும்பினேன்.
கதிரைக் கையைப் பிடிக்காமல் எழும்பியது
குசினிக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது.