அறுபத்து நான்காம் பக்கம்

ஜெசிந்தாவின் எஸ்டேட் வீட்டில் டவர் இல்லை.
பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்
ஸ்கூட்டியை ஓரங்கட்டி
குரங்கிடமிருந்து கைப்பையைக் காத்தபடி
என் கவிதைப் புத்தகத்தின் அட்டையைப் பகிர்ந்துவிட்டு
மலையேறுகிறாள்.

கீழே செவ்வாய்ப்பேட்டையில்
பருப்பு மண்டிக் கணக்குக்கு நடுவே
அவள் நாவலை நான் பகிர்கிறேன்:
"தவறவிடக் கூடாத படைப்பு."
இருபது பக்கம்கூடத் தாண்டவில்லை நான்.

பதினோரு லைக்.
ஒன்பது பேர் எங்களைப் போலவே
கட்டிலுக்கடியில் முந்நூறு பிரதி வைத்திருப்பவர்கள்.
மிச்சத்தில் ஒருவர் என் மச்சான்.

நேற்று கரண்ட் போன இரவில்
செல்போன் வெளிச்சத்தில் மீதியைப் படித்தேன்.
மிளகு பறிக்கிறவள் ஏணிமேல் நின்று
செத்த புருஷனின் கடனை
விரல்விட்டு எண்ணுகிறாள்.
விரல் போதாமல்
மிளகை எண்ணுகிறாள்.

வயிறெரிந்தது எனக்கு.

காலையில் பழைய பதிவை அழித்துவிட்டு
"அறுபத்து நான்காம் பக்கம்"
என்று மட்டும் போட்டேன்.
மதியம்வரை ஈயாடவில்லை.
பிறகு மேட்டூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர்:
"எங்கே கிடைக்கும்?"

அவள் வளைவுக்கு வர மணி ஐந்தாகும்.
நானே முகவரி கேட்டு வாங்கி வைத்தேன்.
என் புத்தகம் பற்றி
மூச்சு விடவில்லை,
கை பரபரத்தாலும்.