கண்ணாடியில் ஒரு தேதி

மூன்று மைக்ரான்.
மெழுகுக் கட்டியிலிருந்து சீவினால்
வெந்நீரில் ஏடு போல மிதக்கும்.
தூரிகை நுனியால் ஏந்திக்
கண்ணாடியில் படுக்க வைக்கிறேன்.
டார்ட்டு நகரின் மருத்துவமனைப் பின்கட்டில்
இது எனக்கு இருபத்தோராவது பனிக்காலம்.

இன்றைய துண்டு, இடப்பக்க டான்சில்.
ஆண். ஐம்பத்தெட்டு. புகைத்ததே இல்லை.
சவரம் செய்கையில் கழுத்தில் தட்டுப்பட்டதாம்,
கோலிக்குண்டு அளவு, வலியில்லாமல்.
பெயர் தார்மோ குவுசிக்.
பாடகர் குழுவில் அடிக்குரல்காரர் என்பதைப்
படிவம் சொல்லவில்லை.
அவர் மனைவி சொன்னாள், பிறகு.

ஆன்டிபாடியைச் சொட்டினேன். காத்திருந்தேன்.
என் வேலையில் பாதி காத்திருப்பது.
மீதி, கழுவுவது.

லென்சுக்குக் கீழே பழுப்பு.
கறுப்புக் காப்பி கவிழ்ந்த மேசைவிரிப்பு.
நூற்றுக்கு எழுபது செல் போதும்;
இங்கே எண்ணுவதற்கே அவசியமில்லை.
மறுநாள் வைரசின் மரபணுவையே தேடினோம்.
இருந்தது.

டீயூ ஜன்னலைத் திறந்து
கொஞ்சம் பனிக்காற்றை உள்ளே விட்டாள்.
எங்கள் கொண்டாட்டம் அவ்வளவுதான்.
தொண்டையில் வரும் இந்த ஒன்றில் மட்டும்
'இருக்கிறது' என்ற சொல்லுக்காக ஏங்குகிறோம்.
வைரசால் வந்த கட்டி
கதிருக்குச் சீக்கிரம் இணங்கும்.
பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள்.

வியாழன் மதியம் ஓர் அழைப்பு
வழிதவறி எங்கள் மேசைக்கு வந்தது.
"நான் ஹெல்வே. குவுசிக்கின் மனைவி.
பாசிட்டிவ், நல்ல சேதி என்றார் டாக்டர்.
அழுதேன். கேக்கூட வாங்கினேன்.
பஸ்ஸில் வரும்போதுதான்
அவர் கொடுத்த தாளைப் படித்தேன்,
எப்படி ஒட்டும் என்று."

பின்னணியில் ஒரு கெட்டில் கொதித்து
தானாக அணைந்தது.

"முப்பத்திரண்டு வருடம்.
யாரிடமிருந்து என்று கேட்கமாட்டேன்.
எப்போது என்று மட்டும்.
உங்கள் கண்ணாடியில் தேதி தெரியுமா?"

நான் பேசக் கூடாது. பேசினேன்.
பத்து வருடம், முப்பது வருடம்கூட
சத்தமில்லாமல் கிடக்கும் அது.
உங்களைப் பார்க்கும் முன்பே வந்திருக்கலாம்.
உங்களிடமிருந்தே வந்திருக்கலாம்.

சிரித்தாளா, இருமினாளா, தெரியவில்லை.
"செவ்வாய் அவருக்கு ஒத்திகை," என்றாள்.
"கதிர் தொடங்கும் முன்
ஒரு தடவை பாடிவிட்டு வரட்டும்.
கேக்கை அதற்குள் வெட்டலாமா என்று
யோசிக்கிறேன்."
வைத்துவிட்டாள்.

மாலையில், கண்ணாடியைப்
பெட்டியில் செருகும்போது பார்த்தேன்.
ஓரத்தில் பென்சிலால் தேதி இருக்கிறது.
நான் சீவிய நாள்.